கடைசி சைக்கிள்

பெடலிலிருந்து காலை எடுத்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சைக்கிள் தந்தவர்களிடம் நான் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். வியட்நாமின் ஹோய் ஆன் நகரில், காலை ஆறே முக்கால் மணிக்கு, உடன் வந்த பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மெக்கானிக் பையன் சீட்டைத் தொட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டினான். இவ்வளவு இறக்கக் கூடாது என்கிறான் என்பது புரிந்தது. 53 வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கையால் காட்டினேன். இறக்கிக் கொடுத்துவிட்டான். அந்தப் பிடிவாதத்துக்கு என் முழங்கால்கள் 15 கிலோமீட்டர் தூரம் வட்டி கட்டின.

இந்தச் சைக்கிள் சுற்றுலாவுக்கு நாங்கள் போனது 2025 ஏப்ரல் கடைசி வாரத்தில். நாங்கள் என்றால் நானும் என் அக்கா மகளும். அவள் பெங்களூரில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தோடு நந்தி மலைப் பக்கம் சைக்கிள் மிதிப்பவள். நான் கடைசியாக ஓட்டியது வங்கி வேலையில் சேர்ந்த புதிதில். அதற்கும் முன்னால், சேரன்மாதேவியில் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவள். சைக்கிளும் நீச்சலும் மறக்காது என்பார்கள். நிஜம்தான், கைகளுக்கு மறக்கவில்லை. தொடையும் இடுப்பும்தான் என்னை அடையாளம் தெரியாதவை போல நடந்துகொண்டன. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் சித்தி என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நான் ஓட்டியது மூன்றே நாள்.

சுற்றுலாவைப் பதிவு செய்த இடத்தில் 'எளிது, 20 கிலோமீட்டர்' என்று போட்டிருந்தார்கள். அன்று மாலை அக்கா மகளின் போன் காட்டியது 32. எனவே இப்படிப் போகிறவர்கள் 'எளிது' என்ற சொல்லை நம்ப வேண்டாம். மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை இடத்தில் நிற்போம், நடுவில் ஒருவரால் முடியாமல் போனால் அவரை எப்படித் திரும்ப அழைத்து வருவீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த நிறுவனத்தை எடைபோட்டுவிடலாம். உங்கள் உயரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஐந்தடி ஒரு அங்குலக்காரிக்கு ஐரோப்பியர் உயரத்துக்கான சைக்கிள் கிடைத்தால் அந்த நாள் விடிவதற்குள்ளேயே முடிந்துவிடும்.

ஹோய் ஆன், நடு வியட்நாமில் து போன் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய துறைமுக ஊர். அதன் பழைய நகரம் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதனால் மாலையானால் விளக்கும் கூட்டமும் தேர்த்திருவிழாதான். நாங்கள் போன வாரம் அதைவிட அதிகம். 1975இல் வியட்நாம் போர் முடிந்த ஏப்ரல் 30க்கு அந்த ஆண்டு சரியாக ஐம்பதாவது ஆண்டு. வீட்டுக்கு வீடு மஞ்சள் நட்சத்திரம் போட்ட சிவப்புக் கொடி, உள்நாட்டுப் பயணிகளால் நிரம்பிய விடுதிகள். அறை வாடகையை நினைத்தால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் ஆற்றைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் கூட்டம் கிடையாது, அறுவடைதான் நடந்துகொண்டிருக்கும். பழைய வரைபடங்களில் இந்தப் பகுதி குவாங் நாம் மாகாணம் என்றிருக்கும். நாங்கள் திரும்பிய பிறகு, 2025 ஜூலை 1 முதல் அதை டா நாங்குடன் இணைத்துவிட்டார்கள். முகவரி தேடும்போது குழம்ப வேண்டாம்.

மேற்கே மீ சோன் சிவன் கோயில்கள் வரை போகும் நீண்ட வழி ஒன்றும் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா நாட்டு மன்னர் பத்ரவர்மன் தன் பெயரையே சேர்த்து பத்ரேஸ்வரர் என்று லிங்கம் எழுப்பிய தலம். அக்கா மகளுக்கு அதுதான் ஆசை. ஈசனை வேனில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

புறப்படும் முன் வழிகாட்டிப் பெண் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி ஆளுக்கு ஆள் வயது கேட்டாள். ஐரோப்பியர் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மருத்துவக் காரணம் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். காரணம் வேறு. அந்த மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று பொதுவாக ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எதிரில் நிற்பவர் அண்ணனா, தம்பியா, அக்காவா, அத்தையா என்று முடிவு செய்தால்தான் வாக்கியத்தையே தொடங்கலாம். அண்ணன் 'ஆன்', அக்கா 'சி', இளையவர் யாராக இருந்தாலும் 'எம்'. என் வயதைக் கேட்டதும் அவள் "கோ" என்றாள். அப்பாவின் தங்கைக்குச் சொல்லும் சொல் அது. நம் கணக்கில் அத்தை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரை முதல் வாக்கியத்திலேயே அக்கா ஆக்கிவிடும் ஊரிலிருந்து போனவளுக்கு இதில் விளக்கம் எதற்கு? அன்று முழுக்க நான் அத்தைதான்.

பிறகு அவள் சொன்ன விதிகள் சில. முன்னால் போகிற சைக்கிளுக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி. குழியோ கல்லோ வந்தால் கையை நீட்டிக் காட்டிக் குரல் கொடுங்கள், பின்னால் வருகிறவர் அதையே அடுத்தவருக்குச் சொல்வார். படம் எடுக்க வேண்டுமென்றால் கையை உயர்த்தி ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள், நடுவழியில் பிரேக் பிடிக்காதீர்கள். கடைசி விதியை அரை மணி நேரத்திலேயே ஒருவர் மீறினார். எருமை முதுகில் கொக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பின்னால் வந்தவரின் முன்சக்கரம் அவர் மட்கார்டில் ஏறியது. கொக்கு பறந்துவிட்டது.

விதிகளில் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று, நம் ஊர்க்காரர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது. அங்கே போக்குவரத்து சாலையின் வலப்பக்கம். நேர்வழியில் இது ஒரு பிரச்சினையே இல்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடலாம். திருப்பத்தில்தான் உடம்பு தானாக இடது ஓரத்தைத் தேடும். பிரேக்கும் அப்படியே. நம் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. எனக்குத் தந்த சைக்கிளில் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்தைப் பிடித்தது. ஏறுவதற்கு முன்பே சைக்கிளைத் தள்ளி, ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

காம் கிம் தீவுக்குப் போகும் பாலம் ஒடுக்கமானது, இரு சக்கர வாகனங்களுக்கானது. ஆற்றின் மேல் வில் மாதிரி ஏறி இறங்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பின்சீட்டில் கீரைக் கட்டு, வாத்துக் கூடை, ஐஸ் கட்டி என்று மோட்டார் சைக்கிள்கள். ஏற்றம் பாதி வந்து கால் கனத்த பிறகு நான் கியரை மாற்றினேன். செயின் கடகடவென்று பல்லில் தடுமாறிக் கழன்றது. ஏற்றம் தொடங்கும் முன்பே, கால் இலேசாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கியரைக் குறைக்க வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் எந்தச் செயினும் கழலும். இதை எனக்கு எந்த மொழியும் பேசாமல் விளங்க வைத்தவன், வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த அந்த மெக்கானிக் பையன். ஒரு குச்சியால் செயினைத் தூக்கி மாட்டிவிட்டு, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, கியரைத் தட்டிக் காட்டினான். அதற்குள் மற்றவர்கள் பாலத்தின் அக்கரையில் புள்ளிகளாகிவிட்டார்கள். அந்தப் புள்ளிகளில் முதல் இரண்டும், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி.

முதலில் அவமானமாகத்தான் இருந்தது. அவர்களை எட்டிப்பிடிக்க மூச்சு வாங்க மிதித்தேன். எட்டிப்பிடித்த இடத்தில் அவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்; நான் ஓய்வில்லாமல் மறுபடி மிதித்தேன். பின்தங்குகிறவர் சிக்கிக்கொள்ளும் பொறி இதுதான். இரண்டாவது நிறுத்தத்தில் வழிகாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: நான் என் வேகத்தில்தான் வருவேன், நான் வந்து தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் ஆன பிறகு கிளம்புங்கள். "சரி கோ" என்று உடனே ஒப்புக்கொண்டாள். கேட்காதவரை யாரும் தரமாட்டார்கள். அதன் பிறகு கடைசி இடம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. முன்னால் போகிறவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் வயல் இருந்தது.

கிம் போங் தச்சு ஊரில் நின்றதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஹோய் ஆனின் பழைய வீடுகளைக் கட்டிய தச்சர் பரம்பரை அது; ஆனால் எங்களை நிறுத்திய இடம் பாதி பட்டறை, பாதி கடை. மரத்தூள் வாசனை நன்றாக இருந்தது.

யுய் வின்னில் பாய் நெய்யும் வீடு அப்படியில்லை. வாசலெல்லாம் சாயம் ஏற்றிய கோரை, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெயிலில் விரித்துக் கிடந்தது. சேரன்மாதேவிக்குப் பத்தமடை கூப்பிடு தூரம்; கோரை காயும் வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். தறி தரையோடு தரையாக இருந்தது. இரண்டு பெண்கள், மாமியாரும் மருமகளும் என்றாள் வழிகாட்டி. மாமியார் பாவின், அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்களின், மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து, கனமான மர அச்சை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிப்பார். பாவு நூல் விரியும். அந்தக் கணத்தில் பக்கவாட்டில் இருக்கும் மருமகள் நீளக் குச்சியின் நுனியில் ஒரு கோரையைச் சுற்றி, விரிந்த பாவுக்குள் விருட்டென்று விட்டு, குச்சியை மட்டும் உருவிக்கொள்வாள். அச்சு 'டக்' என்று இறங்கும். மறுபக்கம் சாயும். அடுத்த கோரை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை; மருமகள் நடுவில் எங்களைப் பார்த்துச் சிரித்தபோதும் குச்சி தவறவில்லை. என் ஊர்ப்பக்கம் ஒருவரே கோரையைக் கோத்து அச்சையும் அடிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே இருவர் என்பதால் வேகம். வழிகாட்டி வழியாக அதைச் சொன்னேன். மாமியார் கேட்ட ஒரே கேள்வி: தனியாக நெய்தால் பேச்சுத் துணைக்கு யார்? எழுந்திருக்கும்போது ஓரத்தில் கிடந்த சிவப்புக் கோரை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

எழுந்தபோதுதான் முழங்காலின் நிலை தெரிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் பையன் ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்தான். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. சீட்டில் உட்கார வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, என் குதிகாலை அதன்மேல் வைத்தான். கால் முழுதாக நீளும்வரை சீட்டை ஏற்றினான். அப்புறம் குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தை வைக்கச் சொல்லிக் காட்டினான். முழங்கால் இலேசாக மடங்கியது. அளவு அவ்வளவுதான். சீட்டில் இருந்தபடி கால் தரையில் பதியாது, பதியவும் வேண்டாம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும். முதல் நூறு மீட்டர் பயமாக இருந்தது. அதற்கப்புறம் முழங்காலில் யாரோ திருகிக்கொண்டிருந்த திருகாணியைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது.

சீட்டை உயர்த்தியதால்தான் விழுந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அது பொய். ஒரு கிளைச்சாலை திருப்பத்தில் என் கை இடது ஓரத்துக்குப் போனது. எதிரில் கூடை கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று முறைப்படி அதன் வலப்பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. இன்னும் இடப்பக்கம் ஒடித்தேன். அங்கே சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லில் சக்கரம் போனால் மணலில் போவதைவிட மோசம், வழுக்கிக்கொண்டே போகும். முன்பிரேக்கை அழுத்தியது அதைவிடத் தப்பு. நெல்லின் மேலேயே சரிந்தேன். முழங்கை சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஹெல்மெட்டின் வார் சரியாக மாட்டியிருந்தது. சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த ஒருவர் அதன் பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டி, கூம்புத் தொப்பி, கையில் மரப்பலகை வைத்த வாரி. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினார் என்றுதான் நினைக்கிறேன். நான் விழுந்த இடத்தில் நெல் வட்டமாக விலகித் தரை தெரிந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எங்கள் வீட்டுக் களத்தில் சின்ன வயதில் எனக்குத் தந்த ஒரே வேலை அதுதான். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து, நெல்லில் சால் சாலாகக் கோடு போட்டு, அடிநெல்லை மேலே கொண்டுவருவது. விலகியதைக் காலாலேயே கூட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சால் போட்டுக்கொண்டே போனேன். திரும்பியபோது பாட்டி வாரியை ஊன்றிக்கொண்டு வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். வழிகாட்டி திரும்பி வந்து பதறி நின்றபோது, அவளிடம் நீளமாக ஏதோ சொன்னார். "இன்னும் இரண்டு சாக்கு இருக்கிறதாம் கோ, முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார்" என்றாள்.

காயத்துக்கு மருந்துப் பெட்டி அவளிடம் இருந்தது. ஆனால் சின்னச் சின்னதாக நான் கொண்டுபோனவை நன்றாக உதவின. முழுக்கை பருத்திச் சட்டை. அங்கத்துப் பெண்கள் அந்த வெயிலில் கண் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவது அழகுக்காக மட்டுமில்லை. கால்சராய் நுனி செயினில் சிக்காமல் இருக்கத் தலைமுடி ரப்பர் பேண்ட் இரண்டு. துப்பட்டாவை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. ஒன்பதரை மணிக்கே சட்டை பிழியும் அளவு நனைந்துவிட்டது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்தவர்கள் பிற்பகலில் தலைவலி என்றார்கள். ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால் சாலையோரக் கடைகளில் 'சான் முவோய்' கேளுங்கள். உப்பில் ஊறவைத்த எலுமிச்சையைச் சர்க்கரையும் ஐஸும் சேர்த்து நசுக்கித் தருவார்கள். ஊறுகாய் ஜாடியில் கையை விட்ட மாதிரி ஒரு வாசனை, தாகம் அடங்கிவிடும். நான் கொண்டுபோகாமல் வருந்தியது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டை. அதை வெளியே தெரியாமல் போட்டுக்கொள்ளலாம். அக்கா மகள் சொன்னபோது சிரித்தேன். மறுநாள் நின்றுகொண்டே காலை உணவு சாப்பிட்டேன்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டும் நீல நிறம். வியர்வைக் கண்ணோடு, வெயிலில், கரும்புச்சாற்றுக்கு நான் நீட்டியது பெரியது. கடைக்கார அம்மா வாங்காமல், சைபர்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். எல்லோரும் அவர் போல இருக்கமாட்டார்கள். ஐந்து லட்சம் நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு. நான் சைவம். 'ஆன் சாய்' என்று சொன்னால் அங்கே எவருக்கும் புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அவர்களே பலர் சைவம்தான். ஆனால் கறி மீன் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, மீன் சாறான 'நுவோக் மாம்' தொட்டுக்கொள்ளும் குழம்பில்கூட இருக்கும். அதையும் தனியாகச் சொல்லுங்கள். எனக்கு வந்தது 'பான் சேவ்', அரிசி மாவில் மஞ்சள் தூள் போட்டு ஊற்றிய மொறுமொறு தோசை, உள்ளே முளைகட்டிய பயறும் காளானும். 'சேவ்' என்பது மாவு கல்லில் விழும்போது வரும் சத்தமாம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் 'சொய்ங்'. அவர்களுடைய காதுதான் சரியாகக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் காற்று எதிரில் அடித்தது. ஒரு கிழவர் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிய சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டு போனார். ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு மூங்கில் கழி கட்டி, அதைப் பிடித்துத் திருப்பினார். 1954இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நடந்த தியன் பியன் ஃபூ போருக்கு அரிசியும் குண்டும் போனது இப்படித்தான், ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் என்றாள் வழிகாட்டி. என் சைக்கிளில் இருந்த பாரம் என்னைத் தவிர ஒரு தண்ணீர் பாட்டில்.

நல்லவேளையாகக் கடைசி நாலைந்து கிலோமீட்டர் படகில். சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினார்கள். இங்கே பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் இப்படிச் சுகமாகப் போகலாம். செப்டம்பருக்குப் பின் மழை, அக்டோபர் நவம்பரில் இதே ஆறு ஊருக்குள் வந்துவிடும். பழைய நகரத்து வீட்டுச் சுவர் ஒன்றில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு போட்டுக் குறித்திருந்ததை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். 1964ஆம் ஆண்டுக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

படகில் என் சைக்கிள் மேலே கிடந்தது. பையிலிருந்த சிவப்புக் கோரையை எடுத்து, ஒரு முனையை அடிமட்டத்தில் நின்ற பெடலில் வைத்து, சீட்டின் உச்சி வரை இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். மெக்கானிக் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சை அரை விரல்கடை மேலே நகர்த்தச் சொல்லிக் கை காட்டினான். இந்த முறை மறுபேச்சில்லாமல் நகர்த்தினேன்.

ஊருக்கு வந்து, மாடிப்படிக்கு அடியில் கிடந்த என் மகளின் பழைய சைக்கிளைத் துடைத்து நிறுத்தி, அந்தக் கோரையை வைத்து அளந்து பார்த்தேன். சீட் நான்கு விரல் கீழே இருந்தது.